ஓரத்தில் தெரியாத நட்சத்திரங்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் அப்பா, அக்கா, மாப்பிள்ளை மூவரும் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒழுங்காகத் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மூவரும் என்று எழுதியதில் நான் இல்லை என்பதை நீ கவனித்தாயோ என்னவோ, எதைப் படித்தாலும் முதல் பத்தியைத் தாண்டிக் குதிக்கிற ஆள் நீ, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண்ணில் ஒரு நோய் வந்திருக்கிறது, அது உனக்கும் இருக்கலாம், நீ கண்ணைச் சோதித்துக்கொள்ளும் வரை ராத்திரி பஸ்ஸை எடுக்கக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். முதலிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன், ஏனென்றால் சூரியனைப் பற்றிக் கேட்டால் மெழுகுவர்த்தியிலிருந்து ஆரம்பிக்கிறவள் நான் என்று உன் அப்பா சொல்வது பொய்யில்லை. இதற்கு முன் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. கோளரங்கத்தின் டிக்கெட் அறையில் முழங்கால் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், கண் காரணமில்லை. டிக்கெட் கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்து "என்னக்கா, இந்த வயசுல லவ் லெட்டரா" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மணி பத்தரை, பதினொரு மணிக் காட்சிக்கு ஒரு பள்ளிக்கூடம் வருகிறது, அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் போன் செய்து, கெட்ட கனவு கண்டேன், என் கடிதம் வந்து சேரும்வரை ராத்திரி வண்டியைத் தொடாதே, லீவு போடு என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேனே, கனவும் இல்லை ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருஷமாக வானத்தை விளக்கிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், வாசலில் வந்து "இங்க ஜாதகம் பாப்பீங்களா" என்று கேட்கிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேரையாவது திருப்பி அனுப்புகிறவள், பெற்ற பிள்ளையிடம் கனவு கண்டேன் என்று புளுகினேன். உண்மையைச் சொல்லத்தான் போனை எடுத்தேன். உன் குரல் கேட்டதும் என் வாய் தன்னால் "நாங்க நல்லா இருக்கோம்டா, நீ சாப்டியா" என்று போய்விடுகிறது, போதாததற்கு அப்பா எதிரில் நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுகிறார். நீ "சரிம்மா, சரிம்மா, சத்தியம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. கடிதம் உன்னிடம் வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்கிறார்கள். சூரியனிலிருந்து வெளிச்சம் இங்கே வர எட்டு நிமிஷம் இருபது விநாடிதான் ஆகிறது, பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தை அது அப்படிக் கடந்துவிடுகிறது, நம் தபால்காரருக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாயா என்று தெரியாமல் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். இப்போதே இந்த அறையில் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க நோய்ப்பாட்டாக இருக்கும். அப்பாவின் அடுமனையில் மாவு பிசைகிற புது மெஷின் வந்திருக்கிறது, அது பிசைந்த மாவுக்கு உயிரில்லை என்று பத்து நாளாக முனகுகிறார். பிரபஞ்சம் விரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவருடைய உலர்திராட்சை பன்னைத்தான் நான் உதாரணம் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும், மாவு உப்ப உப்ப ஒவ்வொரு திராட்சைக்கும் மற்ற திராட்சையெல்லாம் தன்னை விட்டு விலகிப் போவதாகத்தான் தெரியும், தூரத்தில் இருப்பது இன்னும் வேகமாகப் போவதாகத் தெரியும், ஆனால் எந்தத் திராட்சையும் நடுநாயகம் கிடையாது, நம் பால்வெளியும் அப்படி ஒரு திராட்சைதான் என்று. இதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தலைக்கனம், வாடிக்கையாளர்களிடம் "பிரபஞ்சமே என் பன்னுலதாங்க இருக்கு" என்பார். இந்த வாரம் மட்டும் என்னைப் பார்த்து "உன் பிரபஞ்சம் விரிஞ்சது போதும், ஒரு இடத்துல உக்காரு, காலுக்குத் தரை தேயுது" என்றார். அக்கா தையல் கடையை இரண்டாவது மாடிக்கு மாற்றியிருக்கிறாள், படி ஏறிப் போய்ப் பார்த்தேன், நல்ல வெளிச்சம், நான்கு மெஷின் போட்டிருக்கிறாள். அக்காவுக்குக் கண் சோதித்தாயிற்று. அவளுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மறு நிமிஷமே என் மனசு உன்னிடம் ஓடியது, இரண்டு பிள்ளையில் ஒன்றுக்கு இல்லையென்றால் மற்றதுக்கு இருக்குமோ என்று. அப்படிக் கணக்கு இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் என்று கண் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். புத்திக்குப் புரிகிறது, மனசு கேட்டால்தானே.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்கிறேன். திங்கட்கிழமை எங்களுக்குக் காட்சி கிடையாது, அன்று காலையில் வானத்தைச் சரிபார்ப்பது என் வேலை என்று நீயே பார்த்திருக்கிறாய். மண்டபத்தின் நடுவில் நிற்கிற அந்தக் கறுப்புக் குண்டுக்குள் ஒரு பல்பு, அதைச் சுற்றித் தகடு, தகட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஊசித் துளை, ஒவ்வொரு துளையும் கூரையில் ஒரு நட்சத்திரம். ஒரு தூசி அடைத்தால் ஒரு நட்சத்திரம் காணாமல் போய்விடும். அதனால் விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்து கண்ணை இருட்டுக்குப் பழக்கி, பிறகு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மங்கலானவற்றை நேராகப் பார்த்தால் தெரியாது, ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண்ணின் நடுவில் இருப்பவை பகலுக்கும் நிறத்துக்குமான உயிரணுக்கள், அவற்றைச் சுற்றி ஓரத்தில் இருப்பவைதான் இருட்டில் வேலை செய்கிறவை, மங்கலான வெளிச்சத்தை அவைதான் வாங்கும். நம் பால்வெளிக்குப் பக்கத்து மண்டலத்தைக் காட்டும்போது நான் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வது இதைத்தான், அந்த வெளிச்சம் இருபத்தைந்து லட்சம் வருஷம் நடந்து வந்திருக்கிறது, அதை முறைத்துப் பார்த்தால் கூச்சப்பட்டு ஓடிவிடும், பக்கத்தில் எதையோ பார்ப்பது மாதிரி பாவனை செய்து ஓரத்தால் பாருங்கள் என்று. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு "ஆ, பஞ்சு மாதிரி இருக்கு" என்று கத்தும். எனக்கு அந்தப் பஞ்சு இரண்டு வருஷமாக மங்கிக்கொண்டே வந்தது. பால்வெளி தேய்ந்துகொண்டே போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா, தூசி என்று எழுதி வைத்தேன். ஒவ்வொரு திங்களும் தூசி, தூசி, தூசி.

பழுது பார்க்கிற திருப்புளி அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், சட்டைப் பையில் எப்போதும் மூன்று திருப்புளி சொருகியிருப்பாரே, அவர் என் பேச்சைக் கேட்டு அந்தக் குண்டை ஒரே வருஷத்தில் நான்கு முறை கழற்றித் தகட்டைத் துடைத்து மாட்டினார். நான்காவது முறை "தூசியே இல்லம்மா, நாக்கை வெச்சு நக்கலாம்" என்றார். அப்படியானால் பல்பு கிழடாகிவிட்டது என்று நான் வாதாடினேன், பல்பையும் மாற்றினார். அதற்குப் பிறகும் பால்வெளி தெரியாமல் நானே வெளிச்சம் கூட்டுகிற குமிழை அவர் போட்டிருந்த கோட்டைத் தாண்டித் திருகி வைத்துக்கொண்டு காட்சி நடத்த ஆரம்பித்தேன். போன மாதம் முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று "டீச்சர், நட்சத்திரமெல்லாம் ஏன் தெரு லைட்டு மாதிரி இருக்கு" என்று கேட்டாள். கூட வந்த ஆசிரியை அவளை உட்காரச் சொல்லி அதட்டினார். காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகு திருப்புளி அண்ணன் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, குமிழைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் விட்டார். பிறகு "இப்ப பால்வெளி தெரியுதா" என்றார். இல்லை என்றேன். "இந்த வெளிச்சத்துல நான் நாற்காலி நம்பர் படிக்கிறேன்மா. பதினேழு, பதினெட்டு, நீங்க உக்காந்திருக்கிறது பத்தொன்பது" என்றார். எனக்கு என் கையே தெரியவில்லை. குண்டில் கோளாறு என்று ஒரு வருஷம் அந்த மனுஷரை நான் படுத்திய பாடு. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, மறுநாள் கண் ஆஸ்பத்திரிச் சீட்டை அவரே வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன், இதை நன்றாகக் கேட்டுக்கொள், கடைசி வரி வரைக்கும் படித்தேன். உனக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கள் அந்தப் பலகையைத்தான் காட்டியிருப்பார்கள், அதில் இந்த நோய் பிடிபடாது. பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள், நம் மண்டபத்தைச் சின்னதாகச் செய்து கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றி அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும், வந்ததும் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. நான் தலையை வெளியே எடுத்து அந்தப் பெண்ணிடம் "உங்க மெஷின்ல நெறைய பல்பு போயிருக்கும்மா, எங்க ஆளை அனுப்பட்டுமா, நல்லா ரிப்பேர் பண்ணுவாரு" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் கண் போகும், மெஷினில் பல்பு போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டாக்டர் அம்மா தாளைக் காட்டினார், நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். நேர்ப் பார்வை நன்றாக இருக்கிறது, அதைச் சுற்றி இருட்டில் வேலை செய்கிற உயிரணுக்கள் செத்துக்கொண்டு வருகின்றன, மெதுவாகத்தான் போகும், வருஷக்கணக்கில் ஆகும், போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்றார். மாலைக்கண் என்றால் கீரையும் கேரட்டும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து நான் ஒரு மாதமாக முயல் மாதிரி மென்றுகொண்டிருந்தேன், அதையும் சொன்னேன். இது சாப்பாட்டால் வருகிற மாலைக்கண் இல்லை, இரத்தத்தில் வருவது என்றார். உங்கள் பெற்றோருக்கு இருந்ததா என்று கேட்டார். அப்போதுதான் என் அப்பா ஞாபகம் வந்தது. கோழித் தாத்தா என்று நீங்கள் கேலி செய்வீர்களே, பொழுது சாய்ந்தால் கோழி அடைகிற மாதிரி வீட்டுக்குள் வந்து அடைந்துவிடுவார் என்று. அவர் ஆயுள் முழுக்க ஒரு சாயங்காலத்தையும் வெளியே நின்று பார்க்கவில்லை, நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

தாத்தாவுக்கும் எனக்கும் இருப்பதால் என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் அம்மா சொன்ன நாளிலிருந்து நான் உன்னைச் சின்ன வயசிலிருந்து மறுபடியும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கில்லாத மாடிப்படி நடையில் பால் பாத்திரத்தோடு சைக்கிள் மேல் மோதி விழுந்தாயே, எட்டு வயசு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று முதுகில் ஒன்று வைத்தேன். சாயங்காலம் பந்து விளையாடினால் பக்கவாட்டில் வருகிற பந்தை மட்டும் விடுவாய், கவனம் போதாது என்று திட்டினேன். இங்கே காட்சிக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளெல்லாம் இருட்டிலேயே எழுந்து ஓடும், நீ ஒருவன் மட்டும் விளக்கு வரும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், என் பிள்ளைக்கு எவ்வளவு ஒழுக்கம் என்று டிக்கெட் அறையில் பெருமை அடித்தேன். இதெல்லாம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், எல்லாப் பிள்ளைகளும்தான் பால் பாத்திரத்தைக் கொட்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேச்சோடு பேச்சாக "இங்க ரோட்டு லைட்டு ரொம்ப மங்கல்மா, ஓரத்துல நடந்து போற ஆளு கடைசி நிமிஷத்துலதான் கண்ணுக்குப் படறான், நல்லவேளை பிரேக் நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாயே, அப்போது நான் கையில் அந்தக் கறுப்பு வளையத் தாளோடு நின்றுகொண்டிருந்தேன். பதினோரு மாதமாக நாற்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டுகிறாய். ரோட்டு லைட்டு மங்கல் என்கிறாய், நான் தூசி என்று எழுதினேன். கடைசி நிமிஷத்தில் தெரிந்த ஆளைப் பற்றி நீ சொன்னாய், தெரியாமலே போன ஆட்களைப் பற்றி உனக்குச் சொல்லத் தெரிய வழியே இல்லை, இதை யோசித்தால் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லையப்பா.

காட்சிக்கு மணி அடித்ததால் பாதியில் விட்டுப் போய்விட்டு வந்தேன், இப்போது மணி பன்னிரண்டேகால். இப்போதெல்லாம் மெஷினைத் திருப்புளி அண்ணன் பார்த்துக்கொள்கிறார், நான் பேசுவதோடு சரி, எந்த நட்சத்திரம் எங்கே என்று கூரையைப் பார்க்காமலே சொல்லுவேன். இன்று நூற்றிருபது பிள்ளைகள். வெளிச்சம் ஒரு விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும், நிலாவுக்கு ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல், சூரியனைத் தவிர்த்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்துக்கு நான்கு வருஷத்துக்கு மேல் என்று வழக்கம்போலச் சொன்னேன். குழாயில் சிவப்புக் குறி வெந்நீர், நீலக் குறி தண்ணீர், நட்சத்திரத்தில் அப்படியே தலைகீழ், நீலம்தான் கொதிக்கும், சிவப்பு ஆறினது என்று சொன்னதும் வழக்கமான சிரிப்பு. பால்வெளியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக வெளிச்சத்துக்கே லட்சம் வருஷம், அது போலப் பல ஆயிரம் கோடி மண்டலம் இருக்கிறது, எல்லாம் ஆரம்பித்து ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி வருஷம் ஆகிறது என்றேன். ஒரு பையன் "அப்ப நாம பாக்கிற நட்சத்திரமெல்லாம் செத்துப் போயிருக்குமா" என்று கேட்டான். இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும், யாரோ கிளப்பிவிட்ட கதை, கேட்கச் சோகமாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்கள் பெரும்பாலும் சில நூறு வருஷ தூரத்தில் இருப்பவை, கொஞ்சம் ஆயிரக்கணக்கில் இருக்கும், நட்சத்திரத்தின் ஆயுளோ கோடிக்கணக்கான வருஷம், ஆகையால் அநேகமாக எல்லாமே இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன, அழத் தேவையில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அதையே இன்னொரு முறையும் சொன்னேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை, திருப்புளி அண்ணன் மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நீ ஆறு மாதத்தில் லீவில் வருவாய், அப்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. "தனியா இருக்கிற பையன் தலையில இடியைப் போடாத. வேலைய விட்டுட்டா அங்க என்ன பண்ணுவான், யார்கிட்ட போய் நிப்பான்" என்கிறார். அவர் சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ அந்த வேலைக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியாதா, சீருடையில் படம் எடுத்து அனுப்பினாயே, அதை அவர் அடுமனையில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். ஆனால் ஆறு மாதம் என்பது எத்தனை ராத்திரி என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை, நான் எண்ணினேன். அதனால் சண்டை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல மூன்று நாள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் முறை. நீ பதில் எழுதிப் போட்டால் விஷயம் தெரிந்து அவர் என் மேல் எரிந்து விழுவார், விழட்டும். நோய் இல்லையென்று வந்துவிட்டால் சந்தோஷமாக வண்டியை எடு, உன் கிறுக்கு அம்மாவை நினைத்துச் சிரித்துத் தீர்த்துக்கொள். இருக்கிறது என்று வந்தால் டிப்போவில் சொல்லிவிடு, பகல் வண்டி ஓட்டலாமா கூடாதா என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீயாகத் தீர்மானிக்காதே. வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், ஊருக்கு வந்துவிட்டாலும் சரி, அக்கா ஒரு மாதமாகத் துணி வாங்கிவரவும் கணக்குப் பார்க்கவும் நம்பிக்கையான ஆள் தேடுகிறாள். நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சும்மா சொல்லி வைத்தேன்.

இதோடு முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் எழுந்தேன், கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. தாளை மாற்றி எழுதினால் மறுபடியும் மறைத்துவிடுவேன், அதனால் இதே தாளில் சொல்கிறேன். மெஷினில் பல்பு போயிருக்கிறது என்று நான் சொன்னது இந்த மாதம் நடந்ததில்லை. அது போன வருஷம். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அதே டாக்டர் அம்மா சந்தேகப்பட்டு அந்தக் கிண்ணத்தில் உட்காரவைத்தார். நான் பல்பு போயிருக்கிறது என்றதும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை செய்து பார்ப்போம் என்றாள். அந்தத் தடவை மெஷினுக்குள் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் டக்கென்று ஒரு சின்னச் சத்தம் வருவதைக் காதில் பிடித்துக்கொண்டேன். இருபத்தேழு வருஷம் இருட்டில் மெஷின் சத்தம் கேட்டே வேலை செய்தவளுக்கு அது பெரிய காரியமா. டக்கென்றால் அழுத்தினேன். பாதி வெளிச்சத்தை நான் பார்க்கவே இல்லை, எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். பார்வை போய்விட்டது என்று வந்தால் மண்டபத்தை விட்டு அனுப்பிவிடுவார்களே என்கிற பயம், வேறொன்றும் இல்லை. டாக்டர் அம்மா தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, விடைகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். இந்த மாதம் வரை நான் போகவில்லை. திங்கள்தோறும் தூசி என்று எழுதிக்கொண்டிருந்தேன். தூசி இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அது நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் நீ அந்த வேலையில் சேர்ந்தாய். போனில் ராத்திரி பஸ் கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னபோது நான் ஜாக்கிரதையாக ஓட்டு என்று மட்டும் சொன்னேன். இரத்தத்தில் வருவது என்று அப்போது எனக்குத் தெரியாது, அது உண்மை, ஆனால் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். இது அப்பாவுக்கும் தெரியாது, திருப்புளி அண்ணனுக்கும் தெரியாது. இனிமேல் சொல்வேன். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. என் மேல் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்கிறேன், வண்டி மட்டும் வேண்டாம்.

நீ நூறு வயசுக்கும் கையும் காலும் கண்ணுமாக நன்றாக இரு. உன்னால் யாருக்கும் ஒரு கெடுதியும் வராமல் இருக்கட்டும், யாராலும் உனக்கு வராமல் இருக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போ, எழுத்துப் பலகையைக் காட்டி அனுப்பப் பார்த்தால் எழுந்து வராதே, அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் இருக்கிறது, ஓரப் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல். கிண்ணத்தில் தலையை வைத்ததும் உனக்கும் அந்த டக்கென்ற சத்தம் கேட்கும், என் காது உனக்கு. கேட்டாலும் விரலை அசைக்காதே. தெரிந்தால் மட்டும் அழுத்து.

இப்படிக்கு,
தெரியாததற்கெல்லாம் அழுத்திய
உன் அம்மா